பிந்தி வந்த பட்டன்

மருமகளே,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. ஜன்னலைச் சாத்தியே வை, பூனை வருது.

நேத்து உங்க ஆபீஸ்ல செய்யற சண்டை விளையாட்டுல முதல் ராட்சசன்கிட்டயே பதினாலு தடவை செத்தேன்ல? "எப்படி ஆடணும்னு எல்லாம் விளையாட்டுல வர்ற பாடத்துலயே சொல்லியிருக்கே அத்தை"ன்னு சலிச்சுக்கிட்ட. படிச்சது மனசுல நிக்கலையோ, புத்திதான் மழுங்கிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்.

இன்னைக்குக் கீழ்வீட்டுத் தையல்காரரை விளையாட வச்சேன். ஊசியில நூல் கோக்குற கண்ணு, அந்த மனுஷனும் அங்கேயேதான் விழுந்து விழுந்து செத்தார். இருபதாவது தடவை எப்படியோ தப்பித்தவறி ஜெயிச்சார். உடனே திரையில வருது, "உருண்டு தப்பிக்க இந்தப் பட்டனை அழுத்தவும்"னு! ஏண்டி, ராட்சசன் செத்தப்புறம் யார்கிட்டேர்ந்து தப்பிக்கிறது? கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா? அந்த வரியைத் தூக்கி முன்னால போடு.

அப்பாடா! என் தலை நல்லாத்தான் இருக்கு. உன்மேல கோபமெல்லாம் இல்ல.

விளையாட்டுப் பெட்டியை எடுத்துக்கிட்டுக் கீழ தையல்காரர் வீட்டுக்குப் போறேன். ரெண்டாவது ராட்சசனை நாங்க ஒரு கை பாக்கணும்.

— அத்தை

சொல்ல விட்டுட்டேன்: மறதிக்குன்னு எனக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கியாமே? உன் புருஷன் உளறிட்டான். கேன்சல் பண்ணாதே, உன் விளையாட்டைக் கூட்டிட்டுப் போ.