மதிலுக்கு வெளியே கேட்ட தோடி

பவ வருடம், மாசி 13, திங்கள். கிள்ளான்.

கிள்ளான் கோயிலில் மூன்று நாள் நாதஸ்வரக் கச்சேரி. தஞ்சாவூரிலிருந்து கப்பலில் வந்த வித்துவான். ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருந்தேன். ரயில்வே ஆபீஸில் லீவு கிடைக்காது என்று, கிள்ளான் சித்தப்பா காலமாகிவிட்டதாகப் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், எதிரே பெரிய கிராணி. யாழ்ப்பாணத்து மனிதர், கச்சேரி கேட்க ரயிலேறி வந்திருக்கிறார். சாவுத் தீட்டுக்காரன் கோயிலுக்குள் போகலாமா? காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“துடக்கோட உள்ளுக்குப் போகேலாது, என்ன? அதுதான் வெளியில நிக்கிறீர். தனிய நிக்க வேண்டாம், நானும் உம்மோட இருந்து கேக்கிறன்,” என்றார்.

மதிலோரம் தன் சால்வையை விரித்து என்னையும் உட்கார வைத்தார். தோடி பாதி எங்களுக்கு, பாதி காற்றுக்கு. நல்ல பிடி வரும்போதெல்லாம் என் முழங்காலைத் தட்டினார்.

“உம்மட சித்தப்பாவுக்கும் நாயனம் விருப்பமோ?”

“உயிருங்க,” என்றேன். இன்று நான் பேசிய உண்மை அது ஒன்றுதான்.

சித்தப்பா அப்போது உள்ளே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், “எங்கடா போன? ஒனக்குத் துண்டு போட்டு எடம் புடிச்சு வச்சிருந்தேன்,” என்றார். தலைவலி என்றேன். தைலத்தை எடுத்து அவரே தேய்த்துவிட்டார்.

நாளைக்கும் எனக்குத் துணையாக வருவாராம் பெரிய கிராணி.

பக்கத்து அறையில் சித்தப்பா இருமுகிறார். ஒவ்வொரு இருமலுக்கும் பேனாவை நிறுத்திவிட்டு, அடுத்த மூச்சு கேட்கிறதா என்று காத்திருக்கிறேன்.