விளக்கம் இல்லாமல் ஒரு போத்தல்

1962 பெப்ரவரி 5, திங்கள்

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. நுவரெலியாவில் இந்த வருஷத்துக் கடும் பனி. குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டுக்காரர் காதர் நானா, கடைக்குப் பின்னால் இருக்கும் என் அறை வாசலில் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் வைத்துவிட்டுப் போனார். புண்ணியவான்.

முற்பகல் தொட்டி கழுவல். பீர் புளிக்கிற அறையில் வேலை என்றால் கேட்பவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டுகிறார்கள். அந்த அறையின் குளிர் அவர்களுக்குத் தெரியாது. விரல் மரத்து, பொத்தான் போட முடியவில்லை.

வேலை விட்டதும் வழக்கம்போல ஆளுக்கொரு கிளாஸ். மற்றவர்கள் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு குடித்தார்கள். நான் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முகர்ந்தேன். இனிப்பு கொஞ்சம் தங்கிவிட்டது. இன்னும் புளிக்க விட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

கூட்டாளி மாரிமுத்து தீபாவளிக்கு வந்ததுதான். பொகவந்தலாவைத் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் ஒன்றாக மூட்டை தூக்கிய காலம் முதல் மாசத்தில் ஒரு ஞாயிறு சேர்ந்து குடிப்போம். இப்போது ஆளையே காணோம். உடம்புக்கு ஏதாவதா?

வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய், கையுறைக்கு ஒட்டுப்போட டியூப் துண்டு.

பெப்ரவரி 7, புதன்

காற்று. பஜாரில் சவரம் செய்துகொள்ளப் போனேன். முகமெல்லாம் நுரையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது பின்னால் பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். மாரிமுத்துவின் தோட்டத்து ஆட்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"மாரிமுத்தண்ணன் இப்பல்லாம் நுவரெலியா பக்கமே வாறதில்லையே?"

"அவரு கூட்டாளி ஒருத்தரு பீர் கம்பெனியில இருக்காருல்ல? அவரோட உக்காந்தா பீரே எறங்காதாம். வாயில வைக்கிறதுக்குள்ள பார்லிங்கிறாராம், முழுங்கிறதுக்குள்ள ஈஸ்டுங்கிறாராம். பள்ளிக்கூடத்துல உக்கார வச்ச மாதிரி இருக்குன்னு அண்ணனே சொல்லிச் சிரிச்சாரு."

"இனி எங்க வரப் போறாரு. பாஸ்போர்ட்டு வந்துருச்சாம். மாசக் கடைசியில குடும்பத்தோட இந்தியாவுக்கு."

கண்ணைத் திறக்கவில்லை. "அசையாதீங்க அண்ணே" என்றார் சவரம் செய்பவர். நான் அசைந்தது எனக்கே தெரியவில்லை.

பெப்ரவரி 8, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. "என்ன வேலு, மொகம் நல்லா இல்லையே" என்றார் காதர் நானா. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

எது அதிகம் உறுத்துகிறது? போவதா, போவதைச் சொல்லாததா, பள்ளிக்கூடமா? மூன்றும்தான். வெட்கம் விட்டு எழுதினால், பள்ளிக்கூடம்தான்.

நாங்கள் முதன்முதலாகப் பீர் குடித்தது ஏப்ரல் சீசனில், குதிரைப் பந்தயத் திடலுக்குப் பின்னால். எதில் செய்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியாது. ஏதோ பழம் என்றேன் நான். "சவக்காரத் தண்ணிடா" என்று மாரிமுத்து துப்பினான். துப்பிவிட்டு மறுபடி பிடுங்கிக் குடித்தான். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொட்டியில் நுரை கிளம்புவதைப் பார்த்தேன். கீழே தீ இல்லை. யாரும் கிண்டவும் இல்லை. தானாக ஏறி வந்தது. மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். எனக்குப் பெண்டாட்டியா பிள்ளையா? மாரிமுத்துவிடம் சொன்னேன். பெருமைக்கா சொன்னேன்? கொஞ்சம் இருக்கலாம். முழுவதும் அது இல்லை.

ஆனால் ஒன்று உண்மை. கற்றுக்கொண்ட பிறகு நான் பீர் குடிப்பதே இல்லை. சோதித்துப் பார்க்கிறேன். நாக்கு குறையைத் தேடிக்கொண்டே போகிறது, அதற்குள் கிளாஸ் காலி.

ஞாயிறு போகலாமா? கூப்பிடாமல் போவதா? போகிறேன். பீரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

பெப்ரவரி 11, ஞாயிறு

நல்ல வெயில். பெரிய போத்தல் ஒன்று, பேப்பரில் சுற்றி மடியில். ஹட்டனில் பஸ் மாறி பொகவந்தலாவை. வளைவுக்கு வளைவு ஆட்டம். ஜன்னல் வெயில் முழுக்கப் போத்தல்மேல். இதை உடனே திறந்தால் பீறிடும். நிழலில் வைத்து ஆறவிட வேண்டும். தெரியும்.

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் மாரிமுத்து என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். உள்ளே அவன் மனைவி பாக்கியம் தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தது. "வாங்கண்ணே" என்றது. நான் போத்தலை நீட்டினேன். அவன் வாங்கி ஓப்பனரை மாட்டினான். 'பொறுடா, ஆறட்டும்' என்று வாய் வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன்.

டப்பென்று சத்தம். கூரைத் தகரம் வரை நுரை. அவன் முகம், சட்டை, பாக்கியத்தின் பெட்டி எல்லாம்.

"ஐயையோ! கப்பல் ஏறுறப்ப கட்டிக்கன்னு எடுத்து வச்ச சேல!"

மாரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இது பொங்கும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு ஏன்டா சொல்லல?"

"பீரப் பத்திப் பேசக் கூடாதுன்னு வந்தேன். பள்ளிக்கூடம் மாதிரி இருக்குன்னியாமே."

சட்டையில் வழிந்த நுரையை வழித்து உதறினான். பிறகு சிரித்தான். பாக்கியம் சேலையை உதறிக்கொண்டே சிரித்தது. எனக்கும் வந்துவிட்டது.

"சொன்னேன், இல்லன்னு சொல்லல" என்றான். "நானும் ஃபேக்டரியில தேயில அரைக்கிறவன்தானே. ஒனக்குத் தேத்தண்ணி குடுக்கிறப்ப, எம்புட்டு நேரம் வாட்டுனேன், எந்த மெஷின்ல உருட்டுனேன்னு சொல்றேனா? ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் ஃபேக்டரி இல்லாத நாளு. நீ அதையும் ஃபேக்டரியாக்கிட்ட."

பாக்கியம் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அப்படி இல்லப்பா. தேத்தண்ணி குடிக்கிறப்ப மலதான் கண்ணுக்குள்ள வரும். மழையில நனைஞ்சு நாம பறிச்ச கொழுந்தாச்சேன்னு இருக்கும். அங்க போயி எந்தக் கடத் தூளக் குடிச்சாலும், இது எந்த மலையோன்னுதான் நெனப்பேன்."

சொல்லிவிட்டுச் சேலையைக் கொடியில் விரித்தது.

"போறத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"எப்படிடா சொல்றது? பஸ்ஸு வரைக்கும் வந்து வந்து திரும்பிட்டேன். ஏன் போகலன்னு ஆளுக கேட்டா, அவன் வெளக்கம் தாங்க முடியலன்னு சொல்லி வச்சேன். வேற என்னத்தச் சொல்ல."

போத்தலில் மிஞ்சியதை இரண்டு டம்ளரில் ஊற்றினான். சூடு. வாயு போய்விட்டது. வெயில் பட்ட நாற்றம் வேறு. எல்லாக் குறையும் தெரிந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அவனும் குடித்தான்.

"மட்டமா இருக்குல்ல?" என்றான்.

"படு மட்டம்."

பெப்ரவரி 14, புதன்

25ஆம் திகதி ஞாயிற்று முறை வேலையை மாற்றித் தரும்படி ஃபோர்மன் மாத்தயாவிடம் கேட்டேன். ஏன் என்றார். கூட்டாளி இந்தியாவுக்குப் போகிறான் என்று என் சிங்களத்தில் சொன்னேன். என்னையே பார்த்தார். "நீயும் போவாயா?" எனக்கு இலங்கை, இந்தியா எந்தப் பக்கத்துப் பிரஜைக் காகிதமும் இல்லை என்றேன். மாற்றிக் கொடுத்துவிட்டார்.

இருமல். கொத்தமல்லி போட்டுக் குடிக்க வேண்டும்.

பெப்ரவரி 25, ஞாயிறு

ஹட்டன் ஸ்டேஷன். மூடுபனி. பிளாட்பாரம் முழுக்கத் தகரப் பெட்டி, பாய்ச் சுருட்டு, அழுகை. வழியில் வண்டி மாறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல்.

மாரிமுத்து ஜன்னலோரம். பாக்கியம் பக்கத்தில். அது ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தது. வழிக்குக் கொடுக்க நான்தான் ஏதாவது கொண்டுபோயிருக்க வேண்டும்.

"மெட்ராஸ் பக்கம் மதுவெலக்காம்" என்றான் மாரிமுத்து. "பீரு வச்சிருந்தாலே புடிச்சிருவாங்களாம்."

"ஒன் ஒடம்புக்கு நல்லதுதான்."

அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "சரி, இப்பச் சொல்லு. மொதல்லேருந்து. எப்படிச் செய்யிறாங்க?"

விளையாட்டுக்குக் கேட்கிறானோ என்று பார்த்தேன். இல்லை.

"மொளகட்டுன பார்லி" என்று ஆரம்பித்தேன்.

"ஏன் மொளகட்டணும்?"

"அப்பதான் உள்ள இருக்க மாவு பின்னால இனிப்பா மாறும். அத ஒடைச்சு, சுடுதண்ணியில ஊற வச்சு, வடிச்சு எடுக்கணும். பொறவு கசப்புப் பூவு போட்டுக் கொதிக்க வைப்பாங்க."

"பூவா? பூவு போடுறாங்கன்னு நீ சொன்னதே இல்லையே."

"எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன். நீ கேக்கல."

"இப்பக் கேக்குறேன்ல. சொல்லு."

விசில். வண்டி அசைந்தது. ஜன்னலோடு நடந்தேன். "அத ஆற வைக்கணும். ஆறுனதுக்கப்புறம்தான்டா விஷயமே இருக்கு. அதுல ஈஸ்ட்டப் போட்டா..."

என் கையைப் பிடித்திருந்தான். ஓடினேன். பிளாட்பாரம் முடிந்துவிட்டது. போட்டா என்ன ஆகும் என்று கத்திக் கேட்டான்.