தம்பிக்கு நீ அனுப்பிய வியாபார ஆட்டம்

திருவொற்றியூர்
2-1-1955

சிரஞ்சீவி பரசுராமனுக்கு உன் நைனா தேசப்பன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. வடிவுடையம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி ஜெயவேலும் எழுந்து நடமாடிக்கொண்டு, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி மழைக்கு அதிகமாயிருந்து இப்போது தேவலை. ஐப்பசி மழையில் கடல் தண்ணீர் நம் தெரு முனை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று, காற்றில் ஓடு நாலைந்து உடைந்தது, ஜெயவேல் ஏறி மாற்றிவிட்டான்.

நிற்க. இந்தக் கடிதத்தை உன்னைத் திட்டி எழுதுவதா, உன்னிடம் யோசனை கேட்டு எழுதுவதா என்று எனக்கே பிடிபடவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீ நாலு தேசத்து ஆட்களோடு பழகுகிறவன், உனக்காவது விளங்குகிறதா பார். டிசம்பரோடு எனக்குச் சர்வீஸ் முடிந்தது என்பது உனக்குத் தெரியும். எங்கள் கம்பெனி வழக்கமும் தெரியும். வயசாகிப் போகிறவன் தன் இடத்துக்கு ஒரு ஆளைக் கைகாட்டலாம், மானேஜர் அந்த ஆளை எடுத்துக்கொள்வார், காட்டாமல் போனால் இடம் போய்விடும், காட்டின பிறகு மாற்றிக் காட்டவும் முடியாது. பாய்லர் பக்கத்தில் நான் நின்ற இடத்தில் ஜெயவேல் நிற்க வேண்டும் என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். நீதான் வேண்டாம் என்று எழுதினாய். நைனா மாதிரி அவனும் நெருப்புக்கு முன்னால் நின்று வேகவேண்டாம், சொந்தமாகத் தொழில் செய்யப் பழகட்டும், இங்கே பெரிய கடைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தை வைத்துத்தான் வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எழுதி, கப்பலில் வந்த ராயபுரத்து ஆளிடம் அந்தப் பலகையைக் கொடுத்தனுப்பினாய். வேலையா வியாபாரமா என்று முடிவு செய்ய வேண்டிய நேரத்தில் ஒரு பலகை வந்து நடுவில் உட்கார்ந்தது. அன்றைக்குப் பிடித்த தலைவலி எனக்கு இன்னும் விடவில்லை.

நீ எழுதினபடியே ஞாயிற்றுக்கிழமைகளில் டிரங்குப் பெட்டி மேல் பலகையை விரித்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்தோம். நாலாவது ஆள் தாவூது. என்னோடு ஒரே ஷிப்டில் பாய்லரில் நின்ற ஜாபரின் மகன், உன் தம்பிக்கு உயிர்த் தோஸ்து. ஜாபர் சர்வீஸ் முடியும் முன்பே மார்வலி வந்து, யாரையும் கைகாட்டாமலே போய்ச் சேர்ந்தார். அதனால் இவன் ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான், கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை, வீட்டில் அம்மா ரஹீமுன்னிசாவும் கல்யாணத்துக்கு நிற்கிற தங்கைகளும். ஆட்டத்தின் சட்டங்கள் இங்கிலீஷில் இருந்ததால் ஜெயவேல் படித்துப் படித்துச் சொன்னான். கட்டங்களில் இருந்த தெருப் பேர்கள் வாயில் நுழையவில்லை என்று கஞ்சிப் பசை தடவி நம் ஊர்ப் பேர்களை ஒட்டினான். காசிமேடு, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர், மாதவரம் என்று ஒட்டிக்கொண்டே வந்தவன் ஒரு கட்டத்துக்கு மூலக்கொத்தளம் என்று ஒட்டிவிட்டான். உன் அம்மா, சுடுகாட்ட எவன் வாங்குவான், சும்மா குடுத்தாலும் எனக்கு வாணாம் என்று அந்தக் கட்டம் வந்தாலே காயைத் தூக்கி அடுத்த கட்டத்தில் வைத்துவிடுவாள். காசிமேட்டை அவள்தான் வாங்கினாள். வாங்கி என்ன, அதில் யார் வந்து விழுந்தாலும் வாடகை கேட்கமாட்டேன் என்கிறாள். நம்ப வூட்டாண்ட வந்து குந்துனவன்கிட்ட துட்டு கேக்கறதா, இன்னா கலீஜ் பொழப்பு என்கிறாள். அதுதான்டி ஆட்டம் என்று சொன்னால், அப்டின்னா ஆட்டமே கலீஜ் என்கிறாள்.

நான் மட்டும் ஒழுங்காக ஆடினேன் என்று நினைக்காதே. பகடை போட்டு ஒரு மூலையில் போய் விழுந்தேன், ஜெயிலுக்குப் போ என்றான் ஜெயவேல். என்ன கேசு என்று கேட்டேன். கேசு இன்னா கேசு நைனா, கட்டம் அப்டி, பைன் கட்னா வெளிய வந்துரலாம் என்றான். பைன் கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகாதா, ஸ்டிரைக்கில் உள்ளே போனபோதே மன்னிப்பு எழுதிக் கொடுக்காதவன் ஒரு அட்டைப் பலகைக்குப் பயந்து கட்டுவேனா, அன்று முழுக்க என் காயான தகரக் குதிரை ஜெயிலிலேயே நின்றது. அம்மா சிரித்துச் சிரித்து முழங்கால் வலியையே மறந்துவிட்டாள். அப்புறம் தாவூதுக்குக் கையிலிருந்த காகித நோட்டெல்லாம் தீர்ந்துபோயிற்று. சட்டப்படி அவன் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டுமாம். உன் அம்மா, வெளிய போன்னா எங்க போவான், சோறு துன்ற நேரத்துல என்று சண்டைக்கு வந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகை பக்கத்தில் விரித்தேன். சம்பளத்தன்று கம்பெனி கேட்டில் வேலை போனவனுக்காகத் துண்டு விரிப்போமே, அந்தக் கைப்பழக்கம். ஆளுக்குக் கொஞ்சம் காகிதத்தைப் போட்டோம், தாவூது மறுபடி ஆடினான். அப்புறம் அம்மாவுக்குத் தீர்ந்தது, துண்டு விரித்தோம். ஜெயவேலுக்குத் தீர்ந்தது, மறுபடியும் துண்டு. ஆட்டம் முடியவே இல்லை. கடைசியில் ஒருவன் மட்டும் மிஞ்சுவான், அவன்தான் ஜெயித்தவன் என்று நீ எழுதியிருந்தாய். எங்கள் பலகையில் நாலு பேரும் மிஞ்சினோம், ஜெயித்தவன் எவனும் இல்லை. இதில் பையன் என்னத்தை வியாபாரம் கற்றுக்கொள்வான் என்று எனக்கு அப்போதே விளங்கவில்லை.

சரி, விளையாட்டுத்தானே என்று விட்டேன். அங்கேதான் கோட்டைவிட்டேன் போலிருக்கிறது. பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கூலி மாதிரி ஒரு தொகை கொடுக்கிறார்கள் அல்லவா, தாவூதுக்கு அது ஒன்றுதான் குறி. ஒன்றும் வாங்கமாட்டான். சுத்தி வந்தா கெடைக்கறது போதும், வாங்கி போட்டா எனக்கு தூக்கம் வராது என்பான். உன் தம்பி நேர் எதிர், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் போட்டுவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் முழிப்பான். ஒரு ஞாயிறு இரண்டு பேரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து, இரண்டு பேர் நோட்டையும் ஒரே டப்பாவில் போட்டார்கள். தாவூது சுற்றிச் சுற்றிக் கூலி கொண்டுவருகிறான், ஜெயவேல் அதை வைத்து ஒரு தெருவை வாங்குகிறான், அது காலூன்றின பிறகுதான் அடுத்ததற்குப் போகிறான். நஷ்டம் வந்தால் கூலி தாங்குகிறது, லாபம் வந்தால் பாதிப்பாதி. பொழுது சாய்வதற்குள் பலகையில் முக்கால்வாசி அவர்களுடையது. அம்மா கள்ளாட்டம் கள்ளாட்டம் என்று கத்தினாள், புத்தகத்தில் தேடிப் பார்த்தால் அப்படி ஆடலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. தனியாக நிற்கப் பழகினவன்தான் வியாபாரி ஆவான் என்று நீ எழுதினதை ஜெயவேலுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணன் அங்க ஒண்டியா கீறாரு, அதான் அப்டி எழுதறாரு நைனா என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினான். அதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

கைகாட்ட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் உன் தம்பி என் எதிரில் வந்து உட்கார்ந்தான். நைனா, நான் கம்பெனிக்கு வர்ல, உன் எடத்துக்கு தாவூத காட்டு என்றான். அவன் பாட்டுக்கு நிதானமாகச் சொல்கிறான், தாவூது சம்பளத்துல ரெண்டு வூட்லயும் உலை கொதிக்கட்டும், நான் ரயில்வே கேட்டாண்ட சைக்கிள் கடை போடறேன், எர்ணாவூர்லேர்ந்து கத்திவாக்கத்துலேர்ந்து வர்ற சைக்கிள்லாம் உப்புக்காத்துல துருப்புடிச்சிகினு கீது, ரிப்பேருக்கு ராயபுரம் வரிக்கும் இஸ்துகினு போறாங்க, கடை நின்னுச்சின்னா அவனும் நானும் பாதிப்பாதி என்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பலகையில் ஆடினதை வாழ்க்கையில் ஆடலாமா, காகிதம் தீர்ந்தால் துண்டு விரிப்போம், நிஜமாகத் தீர்ந்தால் எவன் விரிப்பான், நாளைக்குத் தாவூதுக்குக் கல்யாணம் ஆகி வருகிறவள் என் புருஷன் சம்பளம் எதற்கு இன்னொரு வீட்டுக்கு என்று கேட்கமாட்டாளா என்று கத்தினேன். கேட்டா குடுக்க வாணாம், அதுக்குள்ள கடை நின்னுரும் என்கிறான். உன் அம்மா, இன்னா மன்சன்யா நீ, இவன் பேசறத குந்திகினு கேட்டுகினு கீற, நாளிக்கு போய் பெத்த புள்ளய காட்டிட்டு வா என்றாள். சரி என்றேன். அந்தச் சரியை மெய்யாகவே சொன்னேன், நம்பு.

மறுநாள் ஜெயவேலுக்கு வெள்ளைச் சட்டை போட்டு அழைத்துக்கொண்டு போனேன். கேட்டில் தாவூது நிற்கிறான், உன் தம்பி வரச் சொல்லியிருக்கிறான். அவன் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, மாமு, இவன் பேச்ச கேட்டுகினு என்ன காட்டிடாதீங்க, அப்பால மாமி மூஞ்சில நான் எப்டி முழிப்பேன், எனக்கு ஹார்பர் கீது, மூட்டை கீது, நீங்க பெத்த புள்ளய காட்டுங்க என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான் பரசுராமா. வேலை வேண்டும் என்று வந்து நின்றிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். உள்ளே மானேஜர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உனக்கப்புறம் யார் தேசப்பன் என்று கேட்டார். தாவூதையும் உன் தம்பி கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்ததில் இரண்டு பேரும் என் பின்னால் நிற்கிறார்கள். ஜெயவேல் பேரை நாக்கிலேயே வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். திரும்பினேன், கையைத் தூக்கினேன், தூக்கின கை தாவூது பக்கம் போய் நின்றது. மானேஜருக்கே சந்தேகம், இவனா உன் மகன் என்றார். மகன் அவன் சார், நான் காட்டுவது இவனை என்றேன். குரல் தெளிவாகத்தான் வந்தது. குமாஸ்தா எழுதி முடித்துவிட்டார். ஜாபருக்காகச் செய்தேனா, உன் தம்பி பேச்சில் மயங்கினேனா, அந்தப் பாழாய்ப்போன ஆட்டம் என் புத்தியையும் கெடுத்துவிட்டதா, சத்தியமாகத் தெரியவில்லை. வெளியே வந்து வாட்ச்மேன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காலமெல்லாம் நின்ற இடத்தைக் கொடுத்தாயிற்று, இனிமேல் திருப்பிக் கேட்க முடியாது.

அம்மா முதலில் நம்பவில்லை. நம்பின பிறகு, பெத்த புள்ளய நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டு ஊரான் புள்ளய உள்ள ஏத்திட்டு வந்து கீறியே, உனக்கு மன்சாட்சி கீதா என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அதோடு பேச்சு நின்றது. சோறு போடுகிறாள், தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாத் திட்டும் வந்துவிடுகிறது. அவள் கேட்டது நியாயம். ஜெயவேல் சொல்வதும் நியாயம் மாதிரித்தான் தெரிகிறது. அப்படியானால் நான் செய்தது என்ன? அவன் ரயில்வே கேட்டுப் பக்கம் பூவரச மரத்தடியில் காற்றடிக்கிற ஒரு பம்பையும் தண்ணீர்த் தொட்டியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் போய் எட்ட நின்று பார்த்தேன், ஒரு கிழவனார் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார், காற்றுக்கூட அடிக்கவில்லை. இது நிற்குமா? நீ ஊர் பார்த்தவன், ஒளிக்காமல் எழுது.

நேற்று ஒன்றாம் தேதி, தாவூதுக்கு முதல் ஷிப்டு. சங்கு ஊதினதும் பழக்கத்தில் எழுந்து முகம் கழுவிவிட்டேன், அப்புறம்தான் எனக்குப் போக இடமில்லை என்று உறைத்தது. போய் மூலையில் உட்கார்ந்தேன். பார்த்தால் உன் அம்மா தூக்கில் சோற்றை அமுக்கி வைத்து, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை ஓரத்தில் வைத்து மூடுகிறாள். பாவம், அவளுக்கும் பழக்கம் விடவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான்தான் இனிமேல் போகவேண்டாமே பூவம்மா என்றேன். இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தாள். உனக்கு யார்யா கட்னது என்றாள். தாவூதுக்கா, அவன் அம்மா கட்டிக் கொடுத்திருப்பாளே என்றேன். குடுக்கட்டும், நம்ப எடத்துல போய் நிக்கிற புள்ள நம்ப வூட்டு சோறு துன்னாம நிப்பானா என்று என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்துவிட்டு, ஜெயவேலைக் கூப்பிட்டு, அவன் உள்ள போயிடறதுக்குள்ள ஓடு, ஜல்தி என்று தூக்கை அவன் கையில் கொடுத்துத் துரத்தினாள். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். அதற்கப்புறம் உன் அம்மா என்னோடு மறுபடி பேசவில்லை.

துறைமுக வேலையில் கப்பல் ஏறும் பலகையில் கால் வைக்கும்போது பார்த்து வை. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. பதில் போடும்போது அம்மாவுக்கென்று தனியாக ஒரு காகிதம் வை, அதில் நான் செய்தது சரி என்றும் எழுதாதே, தப்பு என்றும் எழுதாதே, உன் சௌக்கியத்தை மட்டும் எழுது. ஒரு குறையும் வராமல் வடிவுடையம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நூறு வருஷம் நல்லபடியாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு
உன் நைனா
தேசப்பன்