நான்கு பெட்டிகளில் இருந்த உன் பெயர்

இன்று காலை நான்காம் சேர்வர் பெட்டியைக் கழற்றினோம். அதில் இரண்டு வட்டுகள் போய்விட்டன, திருத்திப் பயனில்லை என்று கொழும்பிலிருந்து புதியதொன்று அனுப்பியிருக்கிறார்கள். பழையதை இரும்பு அடுக்கான இறாக்கையிலிருந்து இழுத்தபோது, பின்பக்கத்து வயரில் சுற்றியிருந்த பிளாஸ்டர் என் விரலில் ஒட்டியது. காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டர்தான். லேபிள் வாங்கித் தர அலுவலகம் இரண்டு மாதம் யோசித்ததால், முதலுதவிப் பெட்டியைத் திறந்து நீயே வெட்டி எடுத்துச் சுற்றி எழுதியது. 'நோட் 4. கழற்றாதேயும்.' நீல மை ஊறிப் பரவிவிட்டது. ஆனாலும் உன் கையெழுத்துத்தான்.

வயரைக் கழற்றினேன். பெட்டியைக் கீழே கொண்டுபோனார்கள். நான் கதிரையில் போய் உட்கார்ந்தேன், மத்தியானம்வரை ஒரு வேலையும் ஓடவில்லை. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீ உயிரோடிருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

புடவைக் கடைக்கு மேலே, ஜன்னலில்லாத அந்த அறைக்கு நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் வந்தோம். கொழும்பில் எப்போது எங்கே வெடிக்கும் என்று தெரியாத காலம். அங்கிருந்த கம்பனிகள் தங்கள் கோப்புகளுக்கு இன்னொரு பிரதியை வேறு ஊரில் வைக்க விரும்பின. அதற்காகத்தான் கண்டியில் அந்த நான்கு பெட்டிகள். ஒன்றை நோட் என்போம். நான்கும் சேர்ந்து ஒரே களஞ்சியம்போல இயங்கும், ஒன்று விழுந்தால் மற்ற மூன்றும் தாங்கும். "குண்டுக்குப் பயந்து கடுதாசியெல்லாம் கண்டிக்கு வந்திட்டுது, ஆக்கள்தான் அங்கயே நிக்கினம்" என்றாய் முதல் நாள். நீ கிளிநொச்சி, பேராதனையில் படித்து முடித்தவள். நான் கண்டி மஹய்யாவ, மாநகரசபைத் தொழிலாளியின் மகள், தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழ் ஒன்றோடு வந்தவள். நீ கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டும்போது விசைகளைப் பார்த்ததேயில்லை.

அந்த வாரத்திலேயே நான் செய்த பிழை உனக்கு நினைவிருக்கும். முதலாம் நோட்டின் வலையமைப்பு முகவரியை மாற்ற வேண்டும். அதே முகவரியின் வழியாகத்தான் அதற்குள் நுழைந்திருந்தேன். மாற்றி எண்டரைத் தட்டியதும் திரை உறைந்துவிட்டது. பழைய முகவரியில் பெட்டி இல்லை. புதிய முகவரியில் ஓர் இலக்கம் பிழை, ஆகவே அங்கேயும் இல்லை. மொனிட்டரையும் கீபோர்டையும் குளிர் அறைக்குள் தூக்கிக்கொண்டு போய், பெட்டியில் நேரே செருகி, தரையில் உட்கார்ந்து திருத்தினோம். முடிந்த பிறகுதான் நீ சிரித்தாய்.

"இருக்கிற கொப்பை அரிஞ்சுபோட்டு, கீழ விழுந்திட்டன் எண்டு அழுறீர்."

"அழல. குளுருது."

"சரி, குளிருது. இனி ஒராள் வாசிக்க ஒராள் தட்டுவம். மற்றாள் ஓம் எண்டு சொல்லாமல் எண்டரில கை வைக்கிறேல்லை."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. நான்கு நோட்களுக்கும் பெயர், முகவரி, வெளியே போகும் வழியான கேட்வே, பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உள்வழி என்று ஒவ்வொன்றாக வைத்தோம். பெரும்பாலும் நீ வாசிப்பாய், நான் தட்டுவேன்.

"கேட்வே?"

"பத்து, இருபது, மூனு, ஒன்னு. தட்டிட்டேன்."

"திருப்பி வாசியும். தட்டினதை வாசியும், தட்ட நினைச்சதை வாசிக்காதேயும்."

வாசித்தால் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பது இருக்கும். நீ பேனையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாய். திருத்துவேன். "ஓம்" என்பாய்.

அந்த அறைக்கு வெளியே நாம் சமமாக இருக்கவில்லை. குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்குவோம். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். உன்னுடையதில் கிளிநொச்சி என்றிருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு உன்னை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். நீ கைப்பையிலிருந்து அலுவலகக் கடிதத்தை எடுத்து விரிப்பாய். இன்னார் இங்கே வேலை செய்கிறார் என்று நான்கு வரி. அதைக் காட்டித்தான், வடக்கிலிருந்து வந்தவர்கள் பதிய வேண்டியபடி பொலிசில் பதிந்தாய், அதைக் காட்டித்தான் எங்கள் தெருவில் உனக்கு ஓர் அறை கிடைத்தது. "இந்தக் கடுதாசி இல்லையெண்டா எனக்குக் கண்டியில ஒரு இரவும் இல்லை" என்று நீ சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தெரியாது என்று ஒருநாளும் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு உன்னைப் பிடிக்கும், ஆனால் பயம். தமிழரைத் தேடி அடித்த எண்பத்து மூன்று கலவரத்தில் மாநகரசபைக் களஞ்சிய அறையில் மூன்று நாள் ஒளிந்திருந்த மனிதர் அவர். "அந்தப் புள்ள நல்ல புள்ளதான். இருந்தாலும் பஸ்ல ஒன்னா போகாதம்மா. நீ முன்னுக்குப் போ, அது பின்னுக்கு வரட்டும்" என்றார். ஒரு வாரம் முந்திய பஸ்ஸில் போனேன். நீ கோபிக்கவில்லை. "அப்பா சொன்னவரோ?" என்று மட்டும் கேட்டாய். நான் தலையாட்டினேன். "எங்கட அப்பா இருந்திருந்தா அவரும் அப்பிடித்தான் சொல்லியிருப்பார்" என்றாய். அடுத்த திங்கள் உன் பஸ்ஸுக்கே திரும்பி வந்தேன். அதை ஒரு துணிச்சலாக எண்ணிக்கொண்டேன்.

பிறகு கொழும்பில் மீண்டும் வெடித்தது. அந்த வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அறிவுறுத்தல் வந்தது. வடக்கில் முகவரி உள்ளவர்களுக்குச் சேர்வர்களில் அனுமதி இருக்கக் கூடாது. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீ அன்று பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கப் போயிருந்தாய். சிங்களத்தில்தான் பேசினார். எப்போதும்போல நங்கி, தங்கை, என்று கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார்: "நங்கி, இந்த நாலையும் நீங்கள் தனியாகப் பார்க்க முடியுமா?"

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. முடியாது, நாங்கள் இருவராகத்தான் செய்வோம், ஒருவர் வாசிக்காமல் மற்றவர் தட்டுவதில்லை, அது எங்கள் வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை.

"முடியும் சேர்" என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொண்டால் எளிதாக இருக்கும். பயமும் இருந்தது. ஆனால் அந்தக் கணத்தில் முதலில் எழுந்தது பயமல்ல. அதுவரை அவர் எதைக் கேட்டாலும் உன்னைத்தான் பார்த்துக் கேட்பார். முதன்முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான். அந்தச் சின்னப் பெருமைக்காகச் சொன்னேன்.

அவர் மேசையிலிருந்த ஒரு தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு, அப்படியானால் அவருடைய பெயரை இன்றே எடுத்துவிடுங்கள் என்றார்.

நான்கு நோட்களிலும் தனித்தனியாக எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் நிச்சயமா என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்று தட்டினேன். நாலாவதில் உன் பெயரின் எழுத்துகளைப் பிழையாகத் தட்டிவிட்டேன், அப்படி ஒருவர் இல்லை என்று பெட்டி சொன்னது. அங்கேயே விட்டிருக்கலாம். திருத்தித் தட்டினேன்.

மறுநாள் நீ வந்து உட்கார்ந்து, நுழையப் பார்த்தாய். மறுத்தது. கடவுச்சொல்லை இன்னொரு முறை நிதானமாகத் தட்டினாய். பிறகு இரண்டாம் நோட், மூன்றாம் நோட்.

"என்ர பேரை எடுத்துப்போட்டினம் போல. ஆர் எடுத்தது?"

"கொழும்புல இருந்து எடுத்திருப்பாங்க. எனக்கும் தெரியாது."

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கொழும்பிலிருந்து அந்தப் பெட்டிகளுக்கு நேரே நுழைய வழியில்லை என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த வழியை அடைத்து வைத்ததே நீ. ஆனாலும் "ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றாய்.

மாத முடிவில் வேலை போனது, வேலையோடு கடிதமும் போனது. அடுத்த பதிவுக்கு நாள் வருமுன் நீ வவுனியா பஸ்ஸில் ஏறினாய், அங்கிருந்து அம்மாவிடம் போவதாகச் சொன்னாய். ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டும் வழி அப்போது திறந்திருந்தது. "நாலு பேரையும் கவனமாப் பாரும்" என்றாய், பெட்டிகளையல்ல, பிள்ளைகளை ஒப்படைப்பதுபோல. பஸ் மஹய்யாவ வழியாகத்தானே போகும் என்று அர்த்தமில்லாத ஏதோ சொன்னேன்.

நீ போய் மூன்று கிழமையில் கேட்வே ஒன்றை மாற்ற வேண்டி வந்தது. தனியே வாசித்து, தனியே தட்டினேன். தட்ட நினைத்ததைத்தான் வாசித்திருக்கிறேன். மூன்றாம் நோட் காணாமல் போனது. கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்திருந்தபோது மேலாளர் கதவருகே வந்து நின்றார். குற்றம் சொல்லவில்லை. களைத்த குரலில் ஒன்றே ஒன்று சொன்னார். நான் முடியாது என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாராம். இரண்டு பேரும் இல்லாமல் இங்கே வேலை நடக்காது என்று கொழும்புக்கு எழுதக் கடிதம்கூடத் தயாராக வைத்திருந்தாராம்.

அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். பிறகு வழி மூடியது, கடிதம் போகவில்லை, தொலைபேசியும் இல்லை. பிறகு பத்திரிகையில் போரில் பிடிபட்ட ஊர்களின் பெயர்கள் மட்டும்.

போன மாதம் உன் தங்கை அகதி முகாமிலிருந்து எழுதியிருந்தாள். கொப்பித் தாளில் ஒரு பக்கம். பங்குனியில், பதுங்குகுழிக்குத் தண்ணீர் எடுத்து வரும்போது செல் விழுந்தது என்று ஒரு வரி. அதற்குமேல் அதைப் பற்றி எழுதவில்லை. மரணத்தைப் பதிய, நீ வேலை செய்ததற்கான கடிதம் ஒன்று உதவும் என்று கேட்டிருந்தாள். 'அக்கா உங்களைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. வேலையைத் தானாகவே விட்டதாகத்தான் அம்மாவிடம் சொன்னவ. அம்மாவுக்காக வந்தது எண்டு அம்மாவுக்குச் சந்தோசம்.'

அப்படியா சொன்னாய்? அம்மாவின் மனதுக்காகச் சொன்னாயா, யாரையோ காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று சொன்னாயா? அந்த வரியை எத்தனை முறை வாசித்தும் பிடிபடவில்லை.

அந்தக் கடிதத்தைக் கொடுக்க மேலாளர் உடனே சம்மதித்தார். படிவத்தில் விலகிய காரணம் என்றொரு இடம் இருந்தது. வேறெதையாவது எழுதினால் முகாமில் அந்தத் தங்கைப் பிள்ளையைத்தான் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்பார்கள், சொந்த விருப்பம் என்று போடுங்கள் என்றார். சரியான யோசனைதான். தட்டினேன். அவர் ஒப்பமிட்டார். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இப்போது நீ தானாகப் போனவள். அம்மாவும், தங்கையும், அலுவலகமும் அதையே சொல்கிறார்கள். அப்படியில்லை என்று அறிந்தவர்கள் மேலாளரும் நானும்தான். இதை உனக்கு எழுதுகிறேன், நீ பதில் கேட்க மாட்டாய் என்பதால் எழுத முடிகிறது. பதில் கேட்கக்கூடிய உன் தங்கையின் முகவரி என் கைப்பையில் இருக்கிறது: முகாமின் பெயர், வலயம், கூடார இலக்கம். தினமும் வேலைக்கு அதையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன், தபால் கந்தோரைத் தாண்டித்தான் போகிறேன்.