நீங்கள் கோடு போட்டு அடித்த கேள்வி

என் ஆசைக்கும் கோபத்துக்கும் உரியவரே,

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து வீட்டில் கூட்டம் கலைந்துவிட்டது. இனியாவது உங்களைத் திட்ட என்னை விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

நேற்றுக் கண்டிக்குப் போனேன், பிள்ளைக்காக நாம் மூன்று வருஷம் அலைந்த அதே ஆஸ்பத்திரிக்கு. நம்முடைய கருக்கள் இரண்டு அங்கே உறைநிலையில் இருக்கின்றன. அதில் ஒன்றை இந்த மாதம் என் வயிற்றில் வைப்பதாக இருந்தது. அதற்குள் நாவுலவில் லொறி மோதி நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நான் நாள் கேட்கத்தான் போனேன். டொக்டர் பைலைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். தம்பதியரில் ஒருவர் இறந்தால் கருக்களை என்ன செய்வது என்று அதில் ஒரு கேள்வி. அதன் குறுக்கே நீங்கள் போட்ட நீலக் கோடு.

அந்தத் தாளை நிரப்பிய அன்று முத்துமாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நேரே போயிருந்தோம். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சாவப் பத்தி எழுதுவாங்களா?" என்று சொல்லி அடித்துவிட்டீர்கள். நான் சிரித்தேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸியும் ஒரு வார்த்தை கேட்காமல் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

உங்கள் சம்மதம் எழுத்தில் இல்லாமல் கருவை என் வயிற்றில் வைக்க முடியாதாம். ஆனால் கருக்களை அழிப்பதற்கு ஒரு படிவத்தைக் கையில் தந்தார்கள். அதற்கு என் கையெழுத்து மட்டும் போதுமாம். பெறுவதற்கு நீங்கள் வேண்டும், கொட்டுவதற்கு நான் ஒருத்தி போதும். இது என்ன நியாயம்?

உங்கள் அண்ணனிடம் சொன்னேன். "செத்தவனுக்குப் புள்ள பொறந்தா ஊரு என்னா பேசும்? பேசாம சைன் பண்ணிக் குடுத்துரும்மா" என்றார். ஊசி குத்திக் குத்தி என் வயிறு கன்றிப்போய்க் கிடந்தபோது இந்த ஊர் எங்கே போயிருந்தது?

இன்று காலை ஒரு வக்கீலைப் பார்த்தேன். "இதுக்குன்னு தெளிவா ஒரு சட்டம் இல்லம்மா. ஆனா அவரு வாயால ஒங்ககிட்ட சம்மதம் சொன்னாருன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா கேஸுக்குப் பலம்" என்றார். எழுதிவிட ஆசையாகத்தான் இருந்தது. நீங்கள் வந்து மறுக்கவா போகிறீர்கள்?

ஆனால் நீங்கள் சொல்லவில்லையே. நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் பிள்ளையை நான் தனியாக வளர்ப்பதை விரும்பியிருப்பீர்களா? எனக்குத் தெரியாது. ஐந்து வருஷம் ஊர்க்கதை எல்லாம் பேசினோம், இதை மட்டும் ஏன் பேசாமல் போனோம்?

அழிக்கும் படிவத்தில் என் கை படாது. இது சத்தியம். கருவை வைக்க அனுமதி கேட்டுத் திங்கட்கிழமை வழக்குப் போடச் சொல்லி வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். நீதிபதி கேட்டால், செத்துப்போவோம் என்று அன்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை என்று உள்ளதைச் சொல்வேன். நம் பிள்ளையை ஒரு பொய் சொல்லிப் பெற்றுக்கொள்ள மாட்டேன். அந்த உண்மையாலேயே வழக்குத் தோற்றுப்போனால், உங்களை மன்னிக்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
விதவை என்று படிவங்களில் எழுத இன்னும் கை வராத
உங்கள் மனைவி சிவகாமி,
அலுவிகாரை.