மகாராணியின் தலையில் முக்காலி

அப்பாவுக்கு,

நலமா என்று கேட்பது மகளின் கடமை, கேட்டுவிட்டேன். எனக்கு ஒரு குறைவும் இல்லை.

உங்கள் மாயாஜாலச் சரித்திர நாவல் இந்த அகழாய்வு முகாம் வரைக்கும் வந்துவிட்டது. அட்டையில் மகாராணியின் மூன்று முனைக் கிரீடத்தைப் பார்த்ததும் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"இது நம்ம குழியில கிடைச்ச பானை ஓட்டுல இருக்கிற கீறல் ஆச்சே! நாமளே இன்னும் வெளியிடலை, உங்கப்பாவுக்கு எப்படிக் கிடைச்சுது?"

யாரிடமும் காட்டாதீர்கள் என்று அடிக்கோடிட்டு நான் அனுப்பிய படம் அது. பெற்ற மகளின் வாயில் மண்ணைப் போட எப்படி மனம் வந்தது?

அதையாவது ஒழுங்காகப் பார்த்தீர்களா? தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். அது கிரீடமில்லை, முக்காலி! நானூறு பக்கமும் உங்கள் மகாராணி முக்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மந்திரம் போடுகிறாள். முகாமே சிரிக்கிறது.

பதறாதீர்கள், வேலை போகவில்லை. குழியிலிருந்து தூக்கிக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க ஓடு கழுவுகிறேன். ஜன்னல் இல்லை, பேச்சுத்துணையும் இல்லை. முட்டிவலித் தைலமும் கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள். இனி நீங்கள் தலைகீழாக நின்றாலும் என்னிடமிருந்து ஒரு படம்கூட வராது.

தபால் வண்டி கிளம்பப் போகிறது. சாப்பாட்டு நேரத்தில் சமையல்காரர் உங்கள் புத்தகத்தை உரக்கப் படித்தார். மகாராணியைப் பாதாளச் சிறையில் அடைத்த இடத்தில் தலைவர் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் அவளை வெளியே விடுகிறீர்களா, இல்லையா? அதை மட்டும் உடனே எழுதுங்கள்.

கோபம் தீராத,
உங்கள் மகள்