அந்த ரேகையை நான் வைக்கவில்லை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுவது.

நான் படுத்தபடி நலம். நீ நின்றபடி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வார்டில் நின்று நின்று கால் வீங்கினால் படுக்கும்போது தலையணை வைத்து உயர்த்திக்கொள், இது நீ எனக்குச் சொல்லித் தந்ததுதான். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பக்கவாதம் வந்த பிறகு எனக்கு ஒரு வார்த்தை வாய்க்குள் உருண்டு வெளியே வருவதற்குள் ஒரு படி அரிசி வெந்துவிடுகிறது, பாதியில் தூங்கினாலும் தூங்கிவிடுவேன். இதற்கு முன்னால் உனக்கு இன்னொரு கடிதம் வந்திருக்கும். உன் அத்தை எழுதியது. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, படுக்கைப் புண் வந்துவிட்டது, சின்னவளால் சமாளிக்க முடியவில்லை, நர்ஸ் படிப்பை நிறுத்திவிட்டு உடனே கிளம்பி வா என்று அதில் இருக்கும், ஒரு வாரமாக இங்கே அவள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அடியில் என் பெருவிரல் ரேகையும் இருக்கும். நம்பாதே. விரல் என்னுடையது, வைத்தது நான் இல்லை. பெட்டியைக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு.

திங்கட்கிழமை காலை நடந்தது இது. சின்னவள் என் துணிகளை அலசப் பின்பக்கம் போயிருந்தாள். அத்தை வந்து எட்டிப் பார்த்தாள், நான் கண்ணை மூடிக் கிடந்ததால் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வலது கையில்தான் எனக்கு உணர்ச்சி இல்லையே, கட்டில் அசைந்ததால் கண்ணைத் திறந்து பார்த்தால் என் பெருவிரல் முழுக்க நீல மை. கடை கட்டும் நேரத்தில் அழுகின தக்காளியைக் கூடையிலிருந்து ஒதுக்குகிற மாதிரி என் கையைத் தூக்கி, தாளில் அழுத்தி, திரும்பக் கட்டிலில் போட்டாள். கேள்வியும் இல்லை, சொல்லும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அப்போது ஈரக் கையோடு உள்ளே வந்தவள் உன் தங்கை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள், கடையில் சில்லறை குறைந்தாலும் கேட்காமல் திரும்பி வருகிறவள், அத்தை முன்னால் நின்று சொன்னாள், அத்தை, அம்மாவத் தொடுறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லணும், என்று. அவ்வளவுதான் சொன்னாள். கால் மட்டும் கிடுகிடுவென்று நடுங்கியது, நான் பார்த்தேன். (அக்கா, இதை எழுதமாட்டேன் என்றேன், அம்மா விடவில்லை. கால் அவ்வளவு ஒன்றும் நடுங்கவில்லை.) அத்தை, அடேயப்பா, இந்தப் பூனைக்கு இத்தன நாள் நாக்கு எங்க இருந்துச்சு, என்றாள். பிறகு, உங்கம்மா நல்லதுக்குத்தாண்டி செய்றேன், என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராகத் தபால் பெட்டிக்குப் போய்விட்டாள்.

அவளைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். நான் விழுந்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். பயந்துபோயிருக்கிறாள், எங்கே என் பாரம் தன் தலையில் விழுமோ என்று. அந்தப் பயத்துக்கு என் பெரிய மகளின் மூன்று வருஷத்தைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? சொந்த அம்மா படுக்கையில கெடக்க, ஊரான் பீ மூத்திரம் அள்ளப் படிக்கிறாளாம், என்று எதிர்வீட்டுத் தையல்காரியிடம் சொன்னாளாம். சொல்லட்டும். என்னுடையதை அள்ளத் தெரியாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினது யார் என்று தையல்காரிக்கும் தெரியும்.

புண் வந்தது உண்மை, அதை மறைக்கமாட்டேன். எப்படி வந்தது என்றும் கேட்டுக்கொள். நான் முப்பது வருஷம் தலையில் காய்கறிக் கூடை சுமந்தவள் இல்லையா, அடியில் சும்மாடு இருந்தால் தலை வலிக்காது என்று உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். இவள் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அழுந்துகிறதே என்று என் பழைய சேலையைச் சுருட்டி நல்ல சும்மாடாகக் கட்டி முதுகுக்குக் கீழே வைத்துவிட்டாள். நானும் நல்ல யோசனை என்றுதான் கிடந்தேன். நாலு நாளில் நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சிவந்து தோல் உரிந்துவிட்டது. வாரம் ஒரு முறை என்னைப் பார்க்க வரும் நர்ஸம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வட்டமாக வைத்தால் சுற்றிலும் அழுந்தி நடுவுக்கு ரத்தம் போகாதாம். சொமக்கிற தலைக்குத்தாம்மா சும்மாடு, படுக்கிற ஒடம்புக்கு இல்ல, என்றார். இவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கோடு போட்டு, இரண்டு மணிக்கு ஒரு தரம் என்னை எந்தப் பக்கம் திருப்பினாள் என்று குறித்துவைக்க ஆரம்பித்தாள். இதுவரை ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. புண் இப்போது புளியங்கொட்டை அளவு. இதைத்தான் உன் அத்தை, சமாளிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். ஏழாம் படுக்கைப் பெரியவர் இறந்துபோய், அவரைத் துடைத்துவிடும்போது நீ அழுதுவிட்டாய், வார்டு சிஸ்டர் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினார், அழுறதுன்னா வேற வேல பாத்துக்கோ என்றார், எனக்கு இந்த வேலை சரிப்படாதோ என்று எழுதியிருந்தாய். அதனால்தான் எனக்கு இன்னும் பயம். அத்தை கடிதம் உனக்கு ஒரு சாக்காகிவிடும். அம்மாவுக்காக வந்தேன் என்று நீ சொல்லிக்கொள்ளலாம், ஊரும் உன்னைப் புகழும். எனக்கு அந்தப் புகழ் வேண்டாம். அந்த சிஸ்டருக்கு வேலை தெரிந்திருக்கலாம், படுத்துக் கிடப்பது எனக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் என் தலைக்கு மேலே எத்தனையோ பேர் பேசினார்கள். இந்தக் கேஸ் சாப்பிட்டுச்சா, இந்தக் கேஸ் வெளிக்குப் போச்சா, என்பார்கள். யாரும் அழவில்லை, உண்மைதான், மரக்கட்டையைப் புரட்ட யார் அழுவார்கள். ஒருத்தி மட்டும், உன் வயதுதான் இருக்கும், கிட்டே வந்து, அம்மா, இப்ப உங்கள எடப்பக்கம் திருப்பப் போறேன், என் கை ஜில்லுன்னு இருக்கும், என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். அன்றுதான் நான் இன்னும் சாகவில்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் பேர்கூடத் தெரியாது. ஜில்லுக்கை என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். நீ அப்படி ஒருத்தியாக வந்தால் போதும். அழுகை வந்தால் அழு, கை மட்டும் நடுங்கக் கூடாது. செத்தவரைத் துடைக்கும்போதும் சொல்லிவிட்டுத் துடை, அவருக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம். நாள் குறைந்தால் எழுத விடமாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். ஆகவே வராதே. எனக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று யார் சொன்னாலும், சின்னவள் கையெழுத்தில் சேதி வராதவரை கிளம்பாதே. ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறாள். புள்ள வரலையா, பாத்தியா அண்ணி, ஒன் வளர்ப்ப, என்பாள். நான் பதில் தயார் செய்து வைத்திருக்கிறேன், வெளியே வரக் கால் மணி நேரம் ஆகும், உட்கார்ந்து கேட்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. கையைக் கழுவிக் கழுவித் தோல் வெடித்திருக்கும், தேங்காய் எண்ணெய் தடவு. அந்த வார்டு சிஸ்டரை எதிர்த்துப் பேசாதே, படித்து முடித்துவிட்டுப் பேசு. நீ தொடுகிற உடம்பெல்லாம் தேறட்டும், தேறாதது நோகாமல் போகட்டும், உன் கால்கள் சோராமல் இருக்கட்டும். இதுதான் என் ஆசி.

அக்கா, இனி நான். அம்மா பேசிக் களைத்துவிட்டாள், ஆனால் தூங்கவில்லை. பழைய காலண்டர் தாளில் இடது கையால் கிறுக்கிக்கொண்டிருக்கிறாள், திங்கட்கிழமையிலிருந்து இதே வேலைதான். வலது கையில் இருந்த மையை நான் சோப்புப் போட்டுத் துடைக்கப் போனேன், வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கட்டும், அத்தை பார்க்கட்டும் என்றாள். சும்மாடு வைத்தது என் தப்புதான். நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். நீ அதைப் பார்த்துத் தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு, எனக்கு வெட்கமாக இருக்காது. நீ வந்துவிடுவாயோ என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் வராதே. இங்கே நான் இருக்கிறேன்.

கீழே அம்மாவே கையெழுத்துப் போடப் போகிறாள். கோணலாக வரும், பாதியில் பேனா வழுக்கும். நான் அவள் கையைப் பிடிக்கமாட்டேன். தாளை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறேன், அம்மா, தாளைப் பிடிக்கப் போறேன், என்று சொல்லிவிட்டு.

இப்படிக்கு,
இடது கையால்,
அம்மா